பதினேழாம் அறையின் கசிவு

ஹெப்சிபாவுக்கு மனிதர்கள் மேல் சந்தேகம் வர ஒரு நிமிஷம் போதும். இயந்திரங்கள் மேல் வரத்தான் நாளாகும். கணினி தானாகப் பொய் சொல்லாது, அதைச் சொல்லவைக்கிறவன் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்பது அவளுடைய பதினைந்து வருஷத்து அனுபவம். அந்த நாற்காலியைக் கண்டுபிடிப்பதில் அவளுக்குத் தனி ருசி.

சூலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற துணைவாழ்வு இல்லத்தில் அவள்தான் கணினிகளைக் கவனித்துக்கொண்டாள். அங்கே நாற்பத்தோரு பேர் குடியிருந்தார்கள். விபத்திலோ வியாதியிலோ உடம்பைப் பறிகொடுத்தவர்கள். உடம்பு அடங்குவதற்குள் மனத்தை மட்டும் பெயர்த்தெடுத்து ஆளுக்கொரு மெய்நிகர் இயந்திரத்தில் குடிவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு அறை. அறையில் பார்க்க ஒரு கேமரா, கேட்க ஒரு மைக், பேச ஒரு ஒலிபெருக்கி. உறவினர்கள் மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். பழக்கதோஷத்தில் ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து, யாரிடம் கொடுப்பது என்று விழித்து, கடைசியில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு புதன்கிழமை காலை மேலாளர் சௌந்தரநாயகி அவளைக் கூப்பிட்டார்.

"பதினேழாம் ரூமுக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரியுதே, என்ன அது?"

"அவருக்கு லைன் தீர்ந்துட்டு வருது மேடம்."

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு."

"ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கட்டில் மணி வச்சிருப்பாங்கல்ல? அமுக்கினா நர்ஸ் வருவாங்க. அந்த மாதிரிதான். கண்ணு, காது, பேச்சு எல்லாத்துக்கும் இயந்திரத்தைக் கூப்பிட ஒரு மணி வேணும். அதைத்தான் இன்டரப்ட் லைன்னு சொல்றோம். ஒரு மெஷினுக்கு மொத்தம் இருநூறு மணிதான். பேச்சை நடத்துற புரோகிராமுக்கு டிரைவர்னு பேரு. அதை ஏத்தும்போது ஒரு மணியை எடுத்துக்கும். இறக்கும்போது திருப்பிக் குடுத்துட்டுப் போகணும். இது குடுக்காமப் போகுது. மறுபடி ஏத்தினா புதுசா இன்னொண்ணை எடுத்துக்குது. இப்படியே நூத்து எழுபது போயிருச்சு. கண்ணுக்கும் காதுக்கும் போக மிச்சம் ஒன்பது."

"அந்த ஒன்பதும் போச்சுன்னா?"

"பேச்சு நின்னுரும். நாம பேசுறது கேக்கும், நம்மளைப் பாப்பாரு. பதில் சொல்ல முடியாது. எப்பவுமே."

"ஒரேயடியா ஆஃப் பண்ணி ஆன் பண்ண முடியாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, மேலாளரே தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை அது. முழு இயந்திரத்தையும் நிறுத்தி எழுப்பினால், முதல் நாள் கொண்டுவந்து சேர்த்தபோது எப்படி இருந்தாரோ அப்படியேதான் ஆள் எழுந்து வருவார். இங்கே வாழ்ந்த வருஷங்கள் போயே போய்விடும். இடையில் வாழ்ந்தவர் இறந்துவிட்டார் என்றுதான் சட்டம் எழுதும். சௌந்தரநாயகி அப்படி இரண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர். இரண்டு நாளும் மத்தியானம் சாப்பிடவில்லை.

"டிரைவரையே சரி பண்ணிடேன்."

"எழுதின கம்பெனியை மூடி ரெண்டு வருஷமாச்சு. உள்ள கை வைக்க முடியாது. ஆனா டிரைவர் சும்மா இறங்காது மேடம். யாரோ இறக்கி இறக்கி ஏத்துறாங்க. அதுவும் அவர் பேசிட்டு இருக்கும்போதே இறக்குறாங்க. மணி அடிச்சிட்டு இருக்கறப்போ டிரைவரை உருவினாத்தான் மணி திரும்பி வராது."

"பேசிட்டு இருக்கறவர் வாயைப் பொத்தற மாதிரியா?"

"அப்படித்தான்."

சௌந்தரநாயகியின் முகம் மாறிவிட்டது. "மத்த நாப்பது ரூம்?"

"எல்லாம் சுத்தம். ஒரு லைன்கூடப் போகல."

அப்பாடா என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். ஹெப்சிபா பதிவேட்டை விரித்து வைத்தாள். டிரைவரை யார் எத்தனை மணிக்கு இறக்கினார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். நூற்று எழுபதில் நூற்று அறுபத்தெட்டு தடவை ஒரே பெயர்: அர்த்தநாரி. பதினேழாம் அறையின் பகல்நேரப் பணியாளன், வேலைக்கு வந்து பதினான்கு மாதம். பெரும்பாலும் மாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே. அவன் வருவதற்கு முன் இரண்டே இரண்டு தடவை நடந்திருந்தது. நூற்று எழுபதில் இரண்டு என்ன பெரிசு என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

அன்று மூன்றரை மணிக்கு அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதினேழாம் அறைக்குப் போனாள். கதவில் உள்ளங்கையகலக் கண்ணாடி. உள்ளே அர்த்தநாரி பணியாளரைக் கண்காணிக்கிற கேமராவின் மேல் தன் துண்டைப் போட்டு மூடியிருந்தான். மைக்கில் வாயை ஒட்டிவைத்து, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் தள்ளியதும் துள்ளி எழுந்து துண்டை உருவினான். திரையில் பேச்சு நின்றதற்கான மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்ப வர மூன்று நிமிஷமாகும்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். தூசி தட்டிட்டிருந்தனுங்க."

"டிரைவரை இறக்கினீங்களா?"

"நான் ஒண்ணையுந் தொடலீங்க."

அவள் கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்தாள். மூன்று முப்பத்துநான்கு, அர்த்தநாரி. மிச்சம் எட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது.

அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பேச்சு திரும்பும்வரை காத்திருந்தாள். அந்த அறைக்காரர் ராக்கியண்ணன், திருச்செங்கோட்டுக்காரர். இருபத்தைந்து வருஷம் போர்வெல் லாரியோடு ராஜஸ்தான், ஒரிசா என்று ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவர். ரிக் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, நான்கு வருஷத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தார்.

"அண்ணா, அர்த்தநாரி உங்களுக்கு ஏதாவது தொந்தரவு குடுக்கிறாரா? பயப்படாமச் சொல்லுங்க."

"அவனொண்ணும் பண்ணலீங்க."

"நீங்க பேசும்போது அடிக்கடி பேச்சு நின்னு போகுதுல்ல?"

"போகுதுங்க."

"எப்பெப்ப?"

"தெரியலீங்க, அம்மிணி. அதையெல்லாம் ஆரு பாத்தா."

சொல்ல வாயெடுத்து விழுங்குகிற குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மிரட்டி வைத்திருக்கிறான் பாவி என்று முடிவுகட்டினாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவளுக்குக் கேட்டதெல்லாமும் மஞ்சளாகவே கேட்டது.

மறுநாள் விசாரணை. சௌந்தரநாயகியின் மேஜைக்கு முன் அர்த்தநாரி துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றான். முப்பது வயதிருக்கும். ஒல்லி.

"நூத்து அறுபத்தொன்பது தடவை உன் பேர்ல பதிவாயிருக்கு. என்ன சொல்றே?"

"நான் பண்ணலீங்க மேடம். சத்தியமா எனக்கு அது எப்படிப் பண்றதுன்னே தெரியாதுங்க."

"அப்புறம் கேமராவைத் துண்டு போட்டு மூடினது எதுக்கு?"

அவன் துண்டை இன்னொரு சுற்றுச் சுருட்டினான். சுவரில் ஒட்டியிருந்த விதிகளை ஒரு தடவை பார்த்தான். பணியாளர் கேள்விப் பட்டியலைத் தாண்டிக் குடியிருப்பவர்களிடம் பேசக்கூடாது என்பது அதில் நான்காவது. யாரோ ஒரு பணியாளர் வாய்தவறி ஒருவருக்கு அவர் தம்பி செத்த செய்தியைச் சொல்லிவிட, உறவினர்கள் சண்டைக்கு வந்ததில் பிறந்த விதி. மீறினால், பார்வையாளர் நேரம் தவிர மற்ற நேரம் அந்த அறையின் மைக்கை அடைத்துவிடுவார்கள். இதெல்லாம் ஹெப்சிபாவுக்கும் தெரியும். அவன் ஏன் அதைப் பார்த்தான் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

"தப்புத்தானுங்க" என்றான் கடைசியில். "அண்ணனை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று ஹெப்சிபா நினைத்தாள். அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

கசிவும் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். எட்டு எட்டாகவே இருந்தது. மேற்கொண்டு குறையாததால் சிவப்பு விளக்கும் அணைந்தது. மாதக் கூட்டத்தில் சௌந்தரநாயகி அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். "எலி அம்மணமா ஓடினாக்கூட ஏன்னு கேக்கறவ இவ" என்று பாராட்டினார். ஹெப்சிபாவுக்குக் கூச்சமாக இருந்தாலும் பிடித்துத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மைக்கின் வயரை மாற்றுவதற்காகப் பதினேழாம் அறைக்குப் போயிருந்தாள். அர்த்தநாரியின் இடத்துக்கு வந்த கோகிலவாணி, கேள்விப் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி இரண்டு கையாலும் கொண்டையைச் சுற்றிக்கொண்டே படித்தாள். புதுப் பெண். பட்டியல் எந்தக் காலத்திலோ ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.

"ஒம்போதாவது கேள்விங்க. இன்னிக்கு மலச்சிக்கல் எதாச்சும் இருக்குதுங்களா?"

ராக்கியண்ணன் சொன்னார்: "சிக்கலுக்கு ஒண்ணும் கொறைவில்லீங்க அம்மிணி. மலத்துக்குத்தான் எங்க போறது?"

கோகிலவாணி கிளிப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அதைக் கேட்டு ராக்கியண்ணன் ஒலிபெருக்கியில் கெக்கெக்கே என்று ஆரம்பித்தார், அடக்கப் பார்த்தார், மறுபடி பீறிட்டது. பாதியில் பட்டென்று அறுந்தது. திரையில் மஞ்சள் வட்டம்.

ஹெப்சிபா கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தாள். பதினொன்று பன்னிரண்டு. டிரைவரை இறக்கியவர்: கோகிலவாணி. மிச்சம் ஏழு.

கோகிலவாணியின் இரண்டு கையும் இன்னும் தலைமேல்தான் இருந்தன.

ஹெப்சிபா தன் மேஜைக்கு ஓடினாள் என்றே சொல்லவேண்டும். கட்டளை எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கித் தேட அரைமணி நேரம் ஆயிற்று. தானாகவே ஓடிக் கட்டளை கொடுக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பதினோரு வரி. முதல் வரியில் ஒரு குறிப்பு: தற்காலிகம், அடுத்த வாரம் மாற்ற வேண்டும். கீழே மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே அவளுடைய பெயர்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்தாம் அறையில் ஒரு பேச்சுக் கருவி பழுதாகி, நொடிக்கு ஆயிரம் தடவை மணியடித்து, இயந்திரமே மூச்சுத்திணறிப்போன நாள் அது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று அவள் அவசரமாக எழுதியது: மணி நொடிக்கு நாற்பதைத் தாண்டினால் டிரைவரை இறக்கி ஏற்று. அதை இயக்க முறையான அனுமதி வாங்க இரண்டு வாரமும் மூன்று கையெழுத்தும் ஆகும். அதனால் அந்த அறையில் யார் வேலையில் இருக்கிறார்களோ அவர்கள் பெயரிலேயே ஓடும்படி விட்டுவிட்டாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தற்காலிகம் என்று எழுதிவைத்ததைப்போல் நிலையானது அந்தக் கட்டடத்தில் வேறெதுவும் இல்லை.

பழைய பதிவுகளை எடுத்து அளந்தாள். சாதாரணப் பேச்சுக்கு நொடிக்குப் பதினைந்து மணி. கோபமாகக் கத்தினால் இருபத்தைந்து. விம்மி விம்மி அழுதால்கூட முப்பதைத் தாண்டவில்லை. ராக்கியண்ணனின் சிரிப்பு அறுபத்திரண்டு.

அவள் ஸ்கிரிப்டை நிறுத்தினாள். அதற்கு ஒரு நொடிதான் ஆனது. பிறகு பதினேழாம் அறைக்குத் திரும்பிப்போய், கோகிலவாணியை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிட்டாள். ராக்கியண்ணன் முழுக்கக் கேட்டார்.

"சிரிச்சா வாய் போயிரும்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியுமுங்க" என்றார்.

"ஏண்ணா சொல்லல?"

"அவன் வரதுக்கு மின்னாடி ரெண்டு தடவ சிரிச்சனுங்க. ரெண்டு தடவையும் வாய் போச்சு. செவுத்துல அத்தன சட்டம் எழுதி ஒட்டியிருக்கறீங்க. சரி, இங்க சிரிக்கப்படாதுன்னும் ஒண்ணு இருக்குதாட்ட இருக்குதுன்னு அடக்கிக்கிட்டேன். அந்தப் பய வந்தப்புறந்தான் முடியல."

"அப்படி என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணா ரெண்டா. ஒரு ஊர்ல தேங்காயைக் கையில வெச்சுத் தண்ணி பாக்கறவன் எடங் காட்டுனானாம். ஆயிரம் அடி போயும் சொட்டுத் தண்ணியில்ல. இன்னுங் கொஞ்சம் கீழ போங்க, கண்டிப்பா இருக்குதுன்னானாம். ரிக்குக்காரன் சொன்னானாம், இதுக்கும் கீழ போனா அமெரிக்காக்காரன் பாஸ்போர்ட் கேப்பானுங்க அப்படின்னு."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ராக்கியண்ணன் சிரிக்கவில்லை.

"நீங்க வந்து கேட்டீங்க பாருங்க, அன்னிக்கு உங்க மேலதான் எனக்குச் சந்தேகம். என் வாயால வாங்கி அவனை மாட்டிவிடப் பாக்கறீங்கன்னு. அதுதான் ஒண்ணுமே சொல்லல." பிறகு அவரே கேட்டார்: "சொல்லியிருந்தா அவன் வேலை நெலச்சிருக்குமுங்களா?"

"இனிமே வாய் போகாதுண்ணா. அதை எடுத்துட்டேன். தாராளமாச் சிரிக்கலாம்."

"சிரிக்கலாமுங்க" என்றார். "யாரோட?"

சௌந்தரநாயகியிடம் போய்ச் சொன்னாள். ஸ்கிரிப்ட் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். "அவன் அதைப் பண்ணல, சரி. ஆனா நாலாவது விதியை மீறினான்தானே ஹெப்சிபா? திருப்பி எடுத்தா நான் மேல என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. விதிகளுக்குப் பயந்தவர்.

ஹெப்சிபா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டி பிரிவுக்குப் போனாள். அர்த்தநாரி அங்கே மச்சானுடைய பஞ்சர் கடையில் இருப்பதாக வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அவன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழவில்லை.

"என்னங்க, இங்கயும் கேமரா இருக்குதான்னு பாக்க வந்தீங்களா?"

அவள் நேராகத் தான் வந்த காரியத்தைச் சொன்னாள். நீங்கள் செய்யவில்லை, நான் செய்தது, என்னை மன்னித்துவிடுங்கள். அவன் குமிழையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணன் சிரிச்சாருங்களா? நான் போனப்புறம்?"

"இன்னிக்கு ஒரு தடவை."

"எதுக்குங்க?"

மலச்சிக்கல் கதையைச் சொன்னாள். அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை, டியூபை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்தபிறகு அவன் முகத்தில் கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது.

"மத்த ரூமுக்காரங்களுக்கும் அந்தக் கருமம் இருந்துச்சுங்களா? அதென்ன, ஸ்கிரிப்டு?"

"நாப்பத்தொரு மெஷின்லயும் இருந்துச்சு. மூணு வருஷமா."

"அப்ப அவங்களுக்கு எத்தன லைன் போயிருக்குதுங்க?"

"ஒண்ணுகூடப் போகல" என்றாள் ஹெப்சிபா. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளரிடம் இதே வார்த்தையை நல்ல செய்தியாகச் சொன்னவள் அவள்தான்.

"நல்லதுதானுங்களே. அதுக்கு ஏனுங்க அழுவறீங்க?"

"நல்லதில்ல அர்த்தநாரி. சிரிச்சாத்தான் லைன் போகும். அழுதாப் போகாது, கத்தினாப் போகாது. மூணு வருஷத்துல அந்த நாப்பது பேரும் ஒரு தடவைகூடச் சிரிக்கலன்னு அர்த்தம்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அர்த்தநாரி டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு எழுந்து, சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை கையைக் கழுவினான்.

"இப்ப மணி என்னங்க?"

"ரெண்டு. ஆனா உங்களைத் திருப்பி வேலைக்கு எடுக்க மாட்டேங்கிறாங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

"வேலைக்கு ஆருங்க வரேன்னா? பார்வையாளர் நேரம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் உண்டுதானுங்களே. பார்வையாளர் பேசுனா எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ணாதுங்க."

"வாசல்ல நோட்டுல எழுதணும். என்ன உறவுன்னு கேப்பாங்க."

"ஒறம்பரைன்னு எழுதுங்க. நாப்பத்தொருத்தருக்கும் நானே ஒறம்பரை." அவன் மச்சானிடம் கையைக் காட்டிவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நேரா பதினேழுக்குப் போயிடலாமா? அண்ணன் காத்திட்டிருப்பாரு."

"இல்லீங்க, அவரு கடைசி. அவருக்குச் சிரிக்கத் தெரியுமுங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்."